நாற்பதுக்கு முப்பத்தேழு

மணிக்கு அறுபது வெள்ளி என்று பேசிக்கொண்டோம்,
பெர்த் நகரத்து ஹெப்பர்ன் அம்மையாருக்கு
ஏழு தலைமுறைக்கு முந்தைய ராபர்ட்டைத் தேடிக்கொடுக்க.
(என் வம்சத்தை நான் தேடியதில்லை.
அதற்கு யாரும் மணிக்கணக்கில் தருவதில்லை.)

ராபர்ட் எளிது.
நோர்தாம் சாலைக் கல்லறைத் தோட்டத்தில்
கப்பலலரி மரத்தடியில் சற்றே சாய்ந்திருக்கிறார்.
பாசி தின்ற எழுத்தின் மேல்
முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவித் துடைத்தேன்.
தோட்டத்துரை. காய்ச்சல். வயது நாற்பத்தொன்று.
ஆழ்ந்த துயரத்துடன், நண்பர்கள்.

மனைவி, அம்மையார் அனுப்பிய வம்ச வரைபடத்தில் இருந்தாள்:
மரியா டி பவோய்,
புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுச் சீமாட்டி.
ஆதாரம், பின்னல் வேலை செய்த ஒரு கைக்குட்டை,
ஓர் அத்தையின் ஞாபகம்.
புதுச்சேரி மேல் எனக்குச் சந்தேகமில்லை.
அந்த ‘டி’ மேல்தான்.

தோட்டக் கணக்கை ராபர்ட் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்.
குளுகோர்ச் சரிவில் ஜாதிக்காய், இரண்டாயிரத்து நூறு கன்று.
ஜாதியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு;
பூக்கும்வரை, ஆறேழு வருஷம், எது எதுவென்று தெரியாது.
பூத்ததும்
பத்துக்கு ஓர் ஆணை நிறுத்திவிட்டு
மிச்சத்தை வெட்டச் சொல்கிறார்.
பெண் மரம் ஒவ்வொன்றுக்கும் எண்.
முந்நூற்று நாலில் புழு, சாம்பல் தூவு.
ஆயிரத்துப் பன்னிரண்டு இந்த வருஷம் நன்றாய்க் காய்த்தது.

ஞானஸ்நானப் பதிவேட்டில்
அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும்
தாய்: சுதேசி.

உயில் கிடைக்கப் பதினோரு நாள் ஆயிற்று.
‘என் வீட்டிலிருக்கும் மலபார்ப் பெண் பவோய்க்கு
நாற்பது ஸ்பானிய டாலரும்
நான் படுத்த பித்தளைக் கட்டிலும்.’
தமிழச்சி என்பதை அந்தக் காலத்துக் குமாஸ்தா
அப்படித்தான் எழுதுவான்.
அடியில், பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம்.
எனக்கு முன்னால் படியெடுத்த யாரோ
‘கீறல்’ என்று குறித்துவிட்டு
அடுத்த தாளுக்குப் போயிருக்கிறார்.

திரையைப் பெரிதாக்கினேன்.
இன்னும்.
புள்ளி கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி.
பரவரயி என்றுதான் முதலில் வாசித்தேன்.
பிறகு வாய்விட்டு.
பாவாயி.

ஓலையில் பழகிய கை.
இறகுப் பேனாவை எழுத்தாணிபோல் அழுத்தியதில்
இரண்டிடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.
யார் சொல்லிக்கொடுத்தார்களோ, தெரியாது.
‘௪௰ வெள்ளிக்கு ௩௰௭ வெள்ளி கண்டு பற்றிக்கொண்டேன்.
கட்டில் வரவில்லை.’

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.
அப்போதும் கட்டில் வரவில்லை.

உயிலை நிறைவேற்றியவர் தம்பி ஆர்ச்சிபால்ட்.
மறுமாதமே கப்பலேறியிருக்கிறார்,
பயணிகள் பட்டியலில் அவரோடு பிள்ளைகள் மூன்று பேர்.
சாமான்களுக்குப் பட்டியல் இல்லை.
கரையில் நின்றவர்களுக்கும் இல்லை.

பாவாயிக்குக் கல் இருக்கிறதா என்று
இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன்,
அதை மணிக்கணக்கில் சேர்க்கவில்லை.
குளுகோர்ச் சரிவில் இப்போது முப்பத்திரண்டு மாடி.
காவலாளி, நேப்பாளத்துப் பையன்,
கார் எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான்.

அறிக்கை அனுப்பி நாலு நாள் கழித்துப் பதில் வந்தது.
பிரெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
‘பித்தளைக் கட்டில் எங்களிடம்தான் இருக்கிறது.
விருந்தாளி அறையில்.
அந்தப் பெயரை எப்படிச் சொல்வது?’

கைபேசியில் சொல்லி அனுப்பினேன். மூன்று விநாடி.
பின்னால் மழை கேட்கும்.

பிறகு பில் போட்டேன்.
நாற்பத்தாறு மணி நேரம், நகல் செலவு, பவுடர் ஒரு டப்பா.
அதன் கீழே
பழைய பாக்கி, வெள்ளி மூன்று என்று எழுதி,
அழித்து,
பேருந்துக்கு நேரமாகிவிட்டது,
மறுபடி எழுதி அனுப்பினேன்.