தலைமேல் கோடு

வெள்ளைத் தாள் கட்டு நூற்றைந்து கொருனா.
மறுசுழற்சித் தாள் நூற்றிருபத்தொன்பது.
ஒருமுறை செத்துப் பிழைத்ததற்கு
ஏன் கூடுதல் விலை என்று கேட்டேன்.
"பலகையோடு எடுத்தால் தொண்ணூற்றிரண்டு"
மூக்கைச் சிந்தியபடி சொன்னார் கடைக்காரர்.

ஒரு பலகை என்றால் நாற்பது பெட்டி,
இருநூறு கட்டு.
பிர்னோவில், டிராம் திரும்பும் முனையில்
மூன்று அலுவலகங்களுக்குக் கணக்கெழுதுகிறேன்.
ஒரே படிக்கட்டு,
ஒரே கழிப்பறைச் சாவி.

ஓட்டுநர் பள்ளி வோகுர்காவுக்குப் பன்னிரண்டு.
ஈமச்சடங்கு நிலையத்து ட்ராஹோமீராவுக்கு எட்டு.
நோட்டரி ஹாவ்லீக் கையை விரித்தார்:
"சாம்பல் தாளில் சொத்தைப் பிரித்தால்
எவன் மதிப்பான்?"

சரி என்று சொல்லிவிட்டு
ஒரு கட்டை மட்டும் கடையில் வாங்கி
அவர் அச்சுப்பொறிக்கு ஊட்டினேன்.
பன்னிரண்டு நாள், எத்தனையோ வரைவுகள்.
பதின்மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னபோது
ஒரு தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.
நவம்பர் வானமும் அதே நிறம்.
"இருபது பெட்டி" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

லாரி வாசலோடு சரி.
மழை வேறு.
வோகுர்காவின் மாணவன் ஒருவன்
பின்னோக்கி ஓட்டிப் பழகுகிறவன்,
காரை முற்றத்துக்குள் ஏற்றினான்.
கதவோரம் கொஞ்சம் சுவர் போனது.
இடம் போதாமல் பத்துப் பெட்டிகளை
மாதிரிச் சவப்பெட்டிக்குள் அடுக்கினோம்.
மூடி கச்சிதமாய் உட்கார்ந்தது.

மலிவின் குறை பிறகுதான் தெரிந்தது:
தாளில் அங்கங்கே துணுக்கு.
பழைய ரசீதோ, யாருடைய ராஜினாமாவோ
கூழாகியும் கரையாமல் கிடந்தது.

கிரால் என்ற கிழவரின் சாவு அறிவிப்பில்
ஒரு கறுப்புத் துணுக்கு
பெயரின் நடு எழுத்துக்கு மேலே
சாய்ந்து விழுந்திருந்தது.
எங்கள் மொழியில் அந்தக் கோடு இருந்தால்
அரசன்.
இல்லையென்றால் ஒன்றுமில்லை.

ஒஹாயோவிலிருந்து வந்திருந்த மகள்
விரலால் சுரண்டிப் பார்த்தாள்.
"எங்கள் பெயரில் இது கிடையாது.
அங்கே இறங்கியபோது
அப்பா விட்டுவிட்டார்."

வேறு அச்சடிக்கிறேன் என்று எழுந்தேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு கேட்டாள்:
இதே போல் எல்லாப் பிரதியிலும் விழுமா?

விழாது.
அறுபது தாளிலும் பேனாவால் போட்டேன்.
மை செலவு எந்தத் தலைப்பில் சேரும் என்று
இன்னும் முடிவாகவில்லை.