தட்டு

சாமான் அறையில் வைத்தேன் அதை.
வெள்ளரி ஊறுகாய் ஜாடிக்கும்
உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவே
ஒரு கறுப்புப் பெட்டி,
உள்ளே இரண்டு வன்தட்டுகள்.
ஒன்று எழுதுவதை மற்றதும் எழுதிக்கொள்ளும்,
பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதுபோல.
வெளியே தார்த்து நகரம் மைனஸ் இருபத்திரண்டில்.
பெட்டியின் சூட்டில்
ஜனவரியிலேயே முளைவிட்டன கிழங்குகள்.

ஒரு வயிறு, இரண்டு வாய்.
ஒரு கேம் நூற்றிருபது ஜிபி என்றால்
யார் வீட்டுச் சட்டியில் அடங்கும்?
என்னுடையதையும் ரேலிகாவுடையதையும்
பெட்டிக்கே மாற்றினோம்.
கதவின் அடியில் ரொட்டிக் கத்தியால்
அவள்தான் பொந்து வெட்டினாள், கேபிளுக்கு.
சில கேம்கள் முரண்டு பிடித்தன,
வெளியாள் டிரைவில் கால் வைக்கமாட்டோம் என்று.
பெட்டிக்கு ஒரு பொய் சொல்லிக்கொடுத்தேன்:
நீ சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை,
இந்தக் கணினியின் வயிற்றுக்குள்தான் இருக்கிறாய்,
யார் கேட்டாலும் அப்படியே சொல்.
சொன்னது.
நம்பின.

அக்டோபரில் அவள் இரண்டாம் மாடிக்குப் போனாள்.
அதே படிக்கட்டு, வேறு சாவி.
பட்டியல் போட்டுப் பிரித்தோம்.
பனிச்சறுக்குப் பலகைகள் அவளுக்கு,
தையல் மெஷின், எப்படியோ, எனக்கு.
பூனை ஒற்றைப்படை வாரங்களில் அங்கே.
பெட்டியைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.
காற்றுப்போக்கி வழியாக
ஒரு நீளக் கேபிளை நானே இறக்கினேன்,
மூன்றாம் மாடி வில்லெமின்
பொரித்த மீன் வாசனையைத் தாண்டி.

அப்புறம் சத்தத்தை வைத்தே சொல்வேன்.
பட்டாணி கொட்டுவதுபோல் கரகரத்தால்
அவள் நகரம் கட்டுகிறாள்.
நீளமாய் உறுமி அடங்கினால்
லாரி ஓட்டுகிறாள்,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து,
ராத்திரி மூன்று மணிக்கு.
என் வீட்டில் அவள் இல்லை.
அவள் விழித்திருப்பது மட்டும் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு இரவு நியாயம் தலைக்கேறியது.
இரட்டையில் ஒன்றை உருவிக் கொடுத்தால்
அவளுக்கும் முழுசு, எனக்கும் முழுசு.
எந்தப் பாகப்பிரிவினையில் இப்படி நடக்கும்?
வீட்டை வெட்டினால் பாதி வீடு.
பூனையை வெட்டினால் பூனையே இல்லை.
பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது,
தூங்கிவிட்டாள் என்று நினைத்து
அணைத்தேன். உருவினேன். மறுபடி போட்டேன்.

ஆரஞ்சு விளக்கு. பீப். பீப்.
திரையில் ஒரே சொல்: குறைபட்டது.
எல்லாம் இருக்கிறதே, என்றேன் அதனிடம்,
ஒரு கோப்புகூடப் போகவில்லையே.
குறைபட்டது.

அப்போது ரேடியேட்டர் குழாயில் டங் டங்.
பிறகு போன்.
"ஐவோ, என் லாரி பாலத்து நடுவே செத்து நிற்கிறது.
பின்னால் இருபத்துநாலு டன் தக்காளி."
தேநீர் போட எழுந்து போயிருந்தாளாம்.
சேவ் பண்ணவில்லையா?
"பாலத்தில் யாராவது சேவ் பண்ணுவார்களா?"

உருவியதைத் திரும்பச் செருகினேன்.
மறுபடி கட்டவா என்று கேட்டது பெட்டி.
கட்டு.
பதினோரு மணி நேரம் என்றது.

கரன்ட் போய்விட்டது என்றேன் அவளிடம்.
படிக்கட்டு விளக்கு எரிவது
அவள் கதவிடுக்கிலும் தெரிந்திருக்கும்.
ஒன்றும் கேட்கவில்லை.
அதுவரை தொடாதே என்றேன்.
"சரி, எவ்வளவு ஆச்சு என்று குழாயில் தட்டு,
பத்துக்கு ஒன்று."

நாலரைக்கு ஒரு தட்டு.
ஆறே முக்காலுக்கு மூன்று.
அதற்குள் வில்லெம் கோபத்தில் ஏழு தட்ட,
போன் அடித்தது: எழுபதா? அதற்குள்ளா?
இல்லை, அது மூன்றாம் மாடி.
சிரித்தாள். போனில் ஒரு தடவை,
குழாயில் ஒரு தடவை.

இன்னும் விடியவில்லை.
முளைவிட்ட மூட்டையில் சாய்ந்து
உட்கார்ந்திருக்கிறேன்.
முப்பத்தொன்பது.
கையில் கரண்டி.