முகவரி: ஏரி

கச்சுலு மருந்தகத்தின் பேரேட்டில்
நாற்பத்தொரு பேருக்கு ஒரே முகவரி:
ஏரி.

சில்வா ஏரியின் நீலத்துக்கு நடுவே
ஒரே புள்ளியில் நாற்பத்தொரு காலராவைக் குவித்தால்
தலைநகரத்துக் கணினி
பிழை என்று ஒதுக்கிவிடும்.
ஆகவே படகேறினேன்,
கழுத்தில் ஜிபிஎஸ், மடியில் குளோரின் பொட்டலங்கள்.
துடுப்புப் போட்ட வைசன்
கூலியைக் கரையிலேயே எண்ணி வாங்கிக்கொண்டான்.

கோரைமேல் கோரை அடுக்கி அதன்மேல் குடிசை.
உள்ளே அடுப்பு, வலை, கைக்குழந்தை.
நான் கால் மாற்றி நின்றால்
அவர்கள் வீட்டுக் குவளை தளும்பியது.
ஒவ்வொரு வாசலிலும் நின்று
அட்சரேகை, தீர்க்கரேகை,
ஆறு தசமம் வரை.
மூன்று நாளில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
பெருமையாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் திரும்பிப் போனேன்.
குறித்த இடத்தில் தண்ணீர்.
ஒரு நீர்க்கோழி என்னைப் பார்த்துவிட்டு
முழுகிப் போயிற்று.
"தெற்குக் காற்று" என்றான் வைசன்,
சிரிப்பை அடக்க
துடுப்பை இன்னும் ஆழமாக இழுத்தபடி.

கோரைக்காட்டின் மறுபுறம்
எஸ்னாட் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள்.
பேரேட்டில் பதினேழாம் எண் அவள் புருஷன்.
வீடு இருந்த இடத்தைக் கேட்டேன்.
"வீட்டுக்கா பேதி வந்தது?
எங்கே மொள்கிறோம், எங்கே ஒதுங்குகிறோம்,
அதை எவனும் கேட்பதில்லை."
ஈ ஓட்டுகிற கையாலேயே
என்னையும் ஓட்டினாள்.

அன்றிரவு புள்ளிகளை அழித்தேன்.
மொள்ளும் துறைகள் ஏழு, ஒதுங்கும் கோரைகள் நான்கு;
இவை மிதப்பதில்லை.
நடுவே அம்புக்குறியாகக் காற்று.
மூன்றாம் தேதி அது தெற்கே திரும்பியிருக்கிறது:
அசுத்தம் துறைப்பக்கம்.
ஐந்திலிருந்து எட்டுக்குள் இருபத்தொன்பது பேர்.

படம் தலைநகருக்குப் போயிற்று.
மறுமொழியில் ஒரே வரி:
'வீடுகள் எங்கே?'

துறைகளில் குளோரின் வைத்துத் திரும்பும் வழியில்
சிசித் தீவில் படகை நிறுத்தச் சொன்னேன்.
பதினேழாம் எண்ணின் மண்மேடு,
நெளிந்த தட்டு ஒன்று கவிழ்த்தபடி.
எதற்கென்று தெரியாமலே கருவியை உயர்த்தினேன்.
வெகுநேரம் நின்றேன்.
ஆறு தசமத்தில் ஒன்றுகூட
அசையவில்லை.