டயருக்குள் பத்து நக்ஃபா

ஸ்டாக்ஹோமிலிருந்து சித்தி மகன் அனுப்பிய பெட்டியில்
மூன்று செயின், ஒரு ஜோடி பிரேக் கட்டை,
யாரோ இரண்டு பருவம் மிதித்துக் கழித்த
பவர் மீட்டர் ஒன்று.
என் கால் எத்தனை வாட் என்று
அது சொல்லுமாம்.
சொல்வதற்கு அதற்கொரு வட்ட பேட்டரி வேண்டும்,
கோட்டுப் பொத்தான் அளவு.

அஸ்மாராவில் அந்தப் பேட்டரி
நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கிடைக்கும்,
அதுவும் கிடைக்கும்போது.
வெள்ளி மாலை கடைசி ஒன்று இருந்தது
பஞ்சுக் கட்டுக்குப் பின்னால்.
மறைத்து வைத்தது நான்தான்.
ரொட்டிக்கடை ஃபெரூஸ் வந்தாள்,
சர்க்கரை பார்க்கும் கருவியைக் கையில் ஆட்டிக்கொண்டு:
"லுவாம், இது செத்துப்போச்சு."
அதே பேட்டரி.
ஒரு கணம், முழுசாக ஒரு கணம்,
இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் எண் நூற்றெண்பத்தாறு.
என் எண் தெரியாது.

சனி இரவு செய்வதெல்லாம் இவ்வளவுதான்:
பழைய பனியனால் செயினைத் துடைப்பது.
கண்ணிக்கு ஒரு சொட்டு, அதற்குமேல் ஆசைப்படாமல்.
பிறகு மேலே நிற்கும் எண்ணெயை மறுபடி துடைப்பது,
உள்ளே இருக்கும் எண்ணெய் உழைக்கும்
வெளியே இருப்பது மண் தின்னும்.
பிரேக் கட்டையில் பதிந்த கல்துகளை
ஊசியால் கிண்டி எடுப்பது.
மலைச்சரிவில் மழை என்றால்
காற்றைக் கொஞ்சம் குறைப்பது. எவ்வளவு என்று கேட்டால்
கட்டைவிரலைக் காட்டுவேன்.
ஹப்தோமுக்கு இது ஏறாது. கல்லாகும்வரை அடிப்பான்,
ஈர வளைவில் முழங்கைத் தோலைக் கொடுத்துவிட்டு வருவான்.

ஞாயிறு, இருட்டிலேயே இறங்கினோம்
ஜெர்ஸிக்குள் செய்தித்தாள் செருகி,
நெஞ்சில் தலையங்கம், வயிற்றில் விளையாட்டு.
மூடுபனிக்குள் கை தெரியவில்லை.
முன்னால் போகும் யோர்தானோஸின் பின்சக்கர டிக்டிக்தான்
எனக்குச் சாலை.
ஒரு வளைவுச் சுவரில் பபூன்கள்
சுங்கம் வசூலிக்க உட்கார்ந்த மாதிரி.

நெஃபாசித்தில் தேநீர். திரும்பி ஏற்றம்.
நான்காவது கொண்டை ஊசியில்
சட்டென்று பின்சக்கரம் உட்கார்ந்தது.
டயர் பக்கவாட்டில் நகம் நீளக் கிழிசல்.
மாற்று ட்யூபைப் போட்டு ஹப்தோம் நாலு அடி அடித்தான்,
கிழிசல் வழியே அது
தவளைத் தொண்டை மாதிரி புடைத்தது.

பெரிய அணிக்காரர்கள் இதற்கு
ஜெல் உறையை மடித்து வைப்பார்களாம்.
எங்களிடம் ஜெல் இல்லை. பேரீச்சை இருக்கிறது,
அதற்கு உறை இல்லை.
செய்தித்தாளோ வியர்வையில் கூழ்.
என் பையில் ஒரே ஒரு நோட்டு,
பத்து நக்ஃபா, ரயில் பாலம் அச்சிட்டது.
நாலாக மடித்து
டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே வைத்தேன்.
"நான் அடிக்கிறேன்" என்று பம்பைப் பிடுங்கினான் ஹப்தோம்.
விட்டுவிட்டேன், கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மிச்ச மலை முழுக்க
அந்தப் பாலத்தின் மேல் நான் போனேன்,
சுற்றுக்கு ஒரு முறை.
எத்தனை வாட்? யாருக்குத் தெரியும்.
முதலில் வளைவுக்கு இத்தனை மூச்சு என்று எண்ணினேன்,
பிறகு மூச்சே எண்ண விடவில்லை.
ஓர் இடத்தில் தண்டவாளம் சாலைக்கு அருகே வந்து
கொஞ்ச தூரம் கூடவே ஏறியது.
யோர்தானோஸின் சக்கரத்தை விடவில்லை.
கருவி பார்த்திருந்தால்
விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மேலே வெயில்.
காப்பிக்கடை வாசலில் மூன்று மக்கியாட்டோ,
சர்க்கரை அடியில் கிடக்க கலக்காமல் குடித்தோம்.
ஹப்தோம் பையைத் தட்டிப் பார்த்தான்: பேரீச்சங்கொட்டை.
யோர்தானோஸ் வானத்தைப் பார்த்தாள்.
"காசு சக்கரத்தில் இருக்கிறது" என்றேன்.

பரிமாறுகிறவன் சிரிக்கவில்லை.
தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து
என் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான்.
"காற்று ரொம்ப அதிகம்" என்றான்.