பதினொன்றரை

புதன்கிழமை. வேம்பின் நிழல் நகர நகர
வரிசையும் நகர்ந்து உட்காருகிறது.
நாற்பத்திரண்டு தாய்மார்.
மராடியிலிருந்து பசை ஏற்றிவரும் ஓட்டுநர் சொல்கிறான்:
துறைமுகத்தில் கோதுமை குன்றாய்க் கிடக்கிறதாம்,
எலிக்கெல்லாம் தொப்பையாம்.
உலகத்தில் எண்ணூறு கோடிப் பேராம்,
வானொலியில் கேட்டானாம்.
நான் மறுபடி எண்ணினேன்.
நாற்பத்திரண்டு.

என்னிடம் இருப்பது ஒரு நாடா.
விரல் அகலம், மூன்று நிறம்.
பச்சை: வீட்டுக்குப் போ.
மஞ்சள்: அடுத்த புதன் வா.
சிவப்பு: நிலக்கடலைப் பசை,
வாரத்துக்கு இருபது பொட்டலம்.

மஞ்சளுக்கும் முன்பு மாவு கொடுத்தோம்.
போன வருடம் நின்றுவிட்டது.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்,
கடிதம் பிரெஞ்சில் வந்தது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்.
இங்கே கைதான் எட்டவேண்டும்,
பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே.

தெலு ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்தாள்,
முதுகில் சனூசி.
கம்பு கதிர்விட இன்னும் ஏழு வாரம்.
குதிர் துடைத்த தரை.
நாடாவைச் சுற்றினேன்:
பதினொன்று புள்ளி ஏழு.
"கொஞ்சம் இறுக்கிப் பிடியேன்" என்றாள்,
சந்தையில் தராசுக்காரனிடம் சொல்வதுபோல.
மாட்டேன் என்றேன்.
குடத்தில் தண்ணீர் இருந்தது, கொடுத்தேன்.

அடுத்த புதன். பதினொன்று புள்ளி ஆறு.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நாடாவை மட்டும் பார்த்தாள்.

அதற்கடுத்த புதன்
சனூசி அழவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.
கையை எடுத்தேன், ஈரத்துணிபோல வந்தது.
பதினொன்று புள்ளி மூன்று.
துளையில் சிவப்பு தெரிந்ததும்
தெலு கைதட்டினாள்.
பக்கத்துப் பெண்கள் "அல்ஹம்துலில்லா" என்றார்கள்.
ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டாள்.
நானும் சிரித்தேன்,
சிரித்த பிறகுதான் எதற்கென்று உறைத்தது.

இருபது பொட்டலம் எண்ணிக் கொடுத்தேன்.
கொடுக்கும்போது ஒன்று சொல்லவேண்டும், விதி:
இது இவனுக்கு மட்டும்,
அண்ணன் அக்காமாருக்கு இல்லை.
சொன்னேன்.
தலையாட்டினாள்.
அட்டையில் அவள் வீட்டுக்கு நேரே
என் கையெழுத்தில் இருந்தது:
பிள்ளைகள், ஆறு.

ஒரு மூலையைக் கடித்துத் திறந்து
அவன் உதட்டில் தடவினாள்.
நாக்கு மெல்ல வெளியே வந்தது.

அடுத்தவள் ஏற்கெனவே
மகளின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு
நிற்கிறாள். பச்சை வரக்கூடாதே என்று
உதடு முணுமுணுக்கிறது.