குமிழி இல்லாத குப்பி

நாற்பது மில்லி கண்ணாடிக் குப்பி.
விளிம்பு ததும்ப நிரப்பி, மூடி திருகி,
தலைகீழாய்ப் பிடித்துத் தட்டிப் பார்க்க வேண்டும்.
கடுகளவு குமிழி ஓடினாலும்
கொட்டிவிட்டு மறுபடி.
நான் தேடி வந்தது
காற்றைக் கண்டால் நழுவிவிடும்.

ஆனையூரில் குழாய் முடியும் தெரு.
ஐந்து நாளைக்கொரு முறை வரும் தண்ணீருக்குக்
காலை நாலரைக்கே குடங்கள் நின்றன.
"வரிசையில வாங்க, எங்க ஒங்க குடம்?"
என்றாள் ஒச்சம்மாள்.
குப்பியைக் காட்டினேன்.
தெரு சிரித்தது.

மேல்நிலைத் தொட்டியின் படிகளை
மொக்கராசு முப்பத்தொரு வருடமாய் ஏறுகிறார்.
கோணியில் பிளீச்சிங் பவுடர்,
அளக்க ஒரு பழைய பால்பவுடர் டின்.
ஆறு டீ நிறத்தில் வரும் மாதங்களில்
அரை டின் கூடுதல்.
யாரும் சொல்லித் தரவில்லை,
மூக்கு சொல்லும் என்றார்.
அவர் விரல்நுனிகளில் ரேகை வெளுத்திருந்தது.

அவரிடம் எப்படிச் சொல்ல.
வருசநாட்டுச் சருகும் அணைக்கட்டுப் பாசியும்
எங்கோ ஊறிக் கரைந்த வேரும்
உங்கள் டின்னோடு கூடித்
தொட்டி இருட்டில் வேறொன்றாகின்றன.
ட்ரைஹாலோமீத்தேன் என்றேன்.
"ட்ரை..." வரை வந்து நிறுத்திக்கொண்டார்.

குடித்தால் உள்ளே போகும்.
வெந்நீர் ஊற்றிக் குளித்தால்
ஆவியோடு நெஞ்சுக்குள்ளும் போகும்.
இருபது முப்பது வருடம் பேசாமல் இருந்துவிட்டு
யாரோ ஒருவர் சிறுநீர்ப்பையில்
ஒரு புள்ளி வைக்கலாம்.
வைக்காமலும் போகலாம்.
இந்த லாம்களைத்தான்
ஐஸ் பெட்டியில் அடுக்கிச்
சிட்டி பஸ்ஸில் சுமக்கிறேன்.

"அப்ப கொறைச்சிரவா?"
டின் அவர் கையில் பாதி சாய்ந்திருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்:
ஒரு ஐப்பசியில் ஒன்பது நாள்
மூட்டை வந்து சேரவில்லை.
பத்தாம் நாள் பெரியாஸ்பத்திரியில்
ஒரு கட்டிலுக்கு மூன்று பிள்ளைகள்.
ஒச்சம்மாளின் இரண்டாவது
வீடு திரும்பவில்லை.
அந்தப் பேச்சில்
லாம் என்று ஒன்றுகூட இல்லை.

குறைக்காதீங்க என்றேன்.
சருகையும் பாசியையும்
மேலேயே வடிகட்டி எடுக்கணும்,
பவுடர் அதுக்கப்புறம்தான்.
"மேலே"ன்னா எங்கம்மா என்று
வானத்தைப் பார்த்தார்.
கிண்டலா, நிஜமா,
இன்னும் தெரியவில்லை எனக்கு.

படிவத்தில் நாலு கட்டம்:
நிறம், மணம், கலங்கல், எச்சக் குளோரின்.
என் குப்பிக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன்.
ஆபீசில் ரப்பர் எப்போதும்
என் மேசையில்தான் இருக்கும்,
ஆனாலும் யாரோ அழிக்கிறார்கள்.

வெயில் ஏறியபோது ஒச்சம்மாள் கூப்பிட்டாள்.
அவள் வீட்டுத் தவலை
திறந்த வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது.
ராவெல்லாம் இப்படியேவா என்றேன்.
"மருந்து வாடை போக வேணாமா?"
வாடையோடு இன்னொன்றும்
கொஞ்சம் போயிருக்கும்.
அவளிடம் அதைச் சொல்ல
எட்டெழுத்துப் பெயரைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

செம்பில் மொண்டு தந்தாள்.
கண்ணாடி இல்லை, பித்தளை.
உள்ளே ஒரு குமிழி
விளிம்புக்கு வந்து உடைந்தது.
கொட்டவில்லை.
குடித்தேன்.