பிடி

ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி.
பழைய பூட்டுகளுக்கும் மூன்று சட்டை இருநூறுக்கும் நடுவே
சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறவரிடம்
ஸ்பூன் இருக்கிறது, முள்கரண்டி இருக்கிறது,
வெண்ணெய்க்கென்றே பிறந்த மழுங்கல் கத்தி இருக்கிறது.
முள்கரண்டி வேண்டாம், வீட்டில் ஒன்று உண்டு,
நெல்லிக்காய் குத்த.
ஸ்பூன்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து
கையாலேயே நிறுத்துப் பார்க்கிறேன்.
"காந்தம் வெச்சுப் பாக்கறதுன்னா பாத்துக்கம்மா, ஒட்டாது."
காந்தம் நான் கொண்டுவரவில்லை.
கொண்டுவந்தது ஓர் அளவு:
சவரிநாதனின் வலது கை
இப்போது மடங்காமல் விட்டுவைக்கிற இடைவெளி,
முருங்கைக்காய்ப் பருமன்.

இருபத்தாறு வருஷம் பாண்டி – கடலூர் பஸ்.
அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில்
ஸ்டியரிங்கை விடாத கை.
சோற்றில் குழி பறித்து
ஒரு சொட்டு ரசம் தட்டில் ஓடாமல் தேக்கிய கை.
ஆடியில் ஒரு விடியற்காலை காப்பி டம்ளரை விட்டது.
அதோடு எல்லாவற்றையும் விட்டது.

வீட்டில் ஆறு எவர்சில்வர் ஸ்பூன் இருந்தது,
கல்யாணச் சீர். பிடியில் கொடி, கொடியில் பூ,
பின்னால் புள்ளி புள்ளியாகக் குத்திய என் பெயர்.
நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.
வயிற்றைத் தைக்குமுன் கத்தி, கத்தரி, கவ்வி
எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணுகிறவள்.
வீட்டு ஆறில் மூன்று
எந்த டிபன் பாக்ஸோடு போனதென்று இன்றுவரை தெரியாது.
மிச்சம் மூன்றும் வெறும் தகடு.
உதட்டுக்குப் போகுமுன்னே புரண்டு
சோற்றை மடியில் கொட்டும்.
ஒன்றின் பிடிக்கு சைக்கிள் ஹாண்டில் உறை மாட்டினேன்.
"மணி எங்க?" என்றார்.
அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் ஊட்டியதையும் சொல்லிவிடுகிறேன்.
வாயைத் திறப்பார். கண்ணை மூடிக்கொள்வார்.

சாக்கின் ஓரத்தில் கிடந்தது அது.
சூப் ஸ்பூன். நல்ல கனம்.
ஒரு பிடி சோற்றுக்கு
இத்தனை பெரிய பிடி வேண்டியிருக்கிறது.
நுனியில் இரண்டு எழுத்து பின்னிக்கொண்டு,
எனக்குப் படிக்க வராத வளைவில், யார் வீட்டு மேசையோ.
வெள்ளிப் பூச்சு
குழியின் இடது ஓரத்தில் மட்டும் தேய்ந்து பித்தளை தெரிகிறது:
யாரோ ஒரு வலதுகைக்காரர்
வருஷக்கணக்காக அந்தப் பக்கமாகவே உறிஞ்சியிருக்கிறார்.
நூற்றிருபது சொன்னார். எண்பதுக்கு விட்டார்.

குருசுக்குப்பத்தில் காற்றே உப்பு.
கழுவினால் போதாது, உடனே துடைக்க வேண்டும்,
பழைய வேட்டித் துணியால், பிடியிலிருந்து குழிக்கு.
முட்டை பட்டால் கறுக்கும்.
ஊறுகாய் ஜாடியில் ஓர் இரவு மறந்தால் புள்ளி விழும்.
கம்பி நார் கிட்டவே வரக் கூடாது.
விபூதி போட்டுத் தேய், பளிச்சென்று வரும் என்று
எதிர்வீட்டுக் கோமளவல்லி ஒரு பொட்டலம் கொடுத்தாள்.
வேதக்காரர் வீட்டில் ஸ்பூனுக்கு மட்டும் விபூதி.
சவரிநாதன் சிரித்தார், ஒரு பக்க வாயால்.
சிரித்ததோடு சரி.
அந்தக் கையில் கனமும் நிற்கவில்லை.
இடது கையில் எடுங்களேன் என்றேன்.
"பீச்சாங்கையிலயா?"
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று நைட் டியூட்டி.
காலை ஏழரைக்கு வந்து பார்க்கிறேன்:
சட்டியில் குழம்பு இரண்டு கரண்டி இறங்கியிருக்கிறது.
தட்டு கழுவியிருக்கிறது, பாதி.
தட்டுக்கு இடது பக்கம் ஸ்பூன்,
குழியின் வலது ஓரத்தில்
ஒரு பருக்கை காய்ந்துபோய்.

இருபத்தாறு வருஷம் கியர் போட்டது
அந்தக் கைதான்.
எண்ணுவதே வேலையாக இருக்கிற எனக்கு
இது கணக்கில் வரவில்லை.

அவர் தூங்குகிறார், அல்லது
தூங்குகிற மாதிரி.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பருக்கையை நகத்தால் சுரண்டி, கழுவி,
துடைத்து,
ஜன்னல் காற்று படாத இடமாகப் பார்த்து வைக்கிறேன்,
எட்டுகிற உயரத்தில்,
இடது பக்கமாக.